சென்னையில் யாரையும் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையில் தொடங்குங்கள்

சென்னைக்கு வந்த முதல் ஐந்து மாதத்தில், ஆபீசுக்கு வெளியே நான் முழு வாக்கியமாகப் பேசியது இரண்டு பேரிடம்தான். ஒருவர் மெஸ் அண்ணன். இன்னொருவர் தண்ணீர் கேன் போட வருகிறவர். வேளச்சேரியில் ஒரு அறை. சனி ஞாயிறு வந்தால் துணி துவைப்பது, தூங்குவது, ஊருக்கு போன் போட்டு "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வது. அவ்வளவுதான்.

அப்போது ஆபீசில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கும் குழு ஒன்றில் பேர் கொடுத்திருந்தார். முதல் நாள் ராத்திரி அவருக்குக் காய்ச்சல். "காசு கட்டிட்டேன், நீ போறியா?" என்றார். சிலைகள் மீது எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. கட்டின காசு வீணாகக் கூடாதே என்றுதான் போனேன். அன்றைக்கு அங்கே பார்த்தவர்களில் இரண்டு பேர் இன்றும் என் வீட்டுக்கு வந்து போகிறவர்கள்.

அதற்கப்புறம் மூன்று வருடமாக நடை, கச்சேரி, நாடகம், கூத்து என்று எல்லாவற்றிலும் தலை காட்டியிருக்கிறேன். புதிதாக வந்து இறங்கி, அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

நீங்கள் எந்த மாதத்தில் தேட ஆரம்பிக்கிறீர்கள் என்பது முக்கியம். சென்னைக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது.

ஆகஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் நிலம் கைமாறிய 1639 ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 2004-இல் சிலர் சேர்ந்து சின்ன அளவில் தொடங்கியது. இன்று அந்த வாரத்தையும் தாண்டி நீள்கிறது. ஜார்ஜ் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி என்று பேட்டைக்குப் பேட்டை யாராவது ஒருவர் பத்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். பல நடைகள் இலவசம். புதிதாக வருகிறவர்கள் நிறைய இருப்பதால் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டீர்கள்.

டிசம்பரும் ஜனவரியும் அடுத்த நல்ல காலம். மார்கழிக் கச்சேரிகள், சர்வதேசத் திரைப்பட விழா, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி, பொங்கலையொட்டிப் பறையும் கரகமும் தெருக்கூத்தும் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் வரும் சங்கமம் என்று ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழா. ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அந்த எட்டாம் நாள் சாயங்காலம் மாட வீதிக்குள் போனால் நீங்கள் நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய் விடும். தெருவோரம் நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் புதிய ஆட்களோடு பேசிப் பழக இது தோதான நாள் இல்லை. ஏற்கெனவே தெரிந்த நாலு பேரோடு போக வேண்டிய நாள்.

ஏப்ரல், மே வெயிலில் வெளியே நடக்கக் கூப்பிடுகிறவர்களை நம்பாதீர்கள். ஐப்பசி மழையில் பாதி நடைகள் ரத்தாகும். அந்த மாதங்களுக்கு அருங்காட்சியகம், நாடகம், நூல் வெளியீடு.

எந்த மாதிரிக் குழு?

எல்லா நிகழ்ச்சியிலும் நட்பு கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கச்சேரியைக் கேட்டுவிட்டு, முகம்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விடலாம். நடையில் அப்படி முடியாது. ஒரே ஆளுக்குப் பக்கத்தில் நடப்பீர்கள், சாலையைக் கடக்கக் காத்து நிற்பீர்கள், "தண்ணி இருக்கா?" என்பீர்கள். பேச்சு நின்று போனாலும் சங்கடம் இல்லை. பார்க்க எதிரே ஒரு கோபுரமோ பழைய வீடோ இருக்கிறது.

அதனால் முதல் தடவைக்கு என் சிபாரிசு மரபு நடைதான். ஹெரிடேஜ் வாக் என்று தேடினாலும் வரும். இருபது பேருக்கு மேல் போகாத குழுவாகப் பாருங்கள். ஐம்பது பேர் என்றால் முன்னால் போகிறவர் பேசுவது பின்னால் கேட்காது, பின்னால் நிற்பவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கூச்ச சுபாவம் அதிகம் உள்ளவர்களுக்குத் தெருவில் உட்கார்ந்து படம் வரையும் குழுக்கள் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு நோட்டோடு உட்காருவார்கள். இரண்டு மணி நேரம் யாரும் பேச வேண்டாம். முடிவில் எல்லா நோட்டையும் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள். அப்போது பேச்சு தானாக வந்துவிடும். நான் வரைந்த சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்து ஒருவர், "இது ராக்கெட்டா?" என்றார். அவரோடு இப்போதும் பேச்சு உண்டு.

திரைப்பட விழாவுக்கு ஒரு தனி மகிமை, அதன் வரிசை. படத்துக்குப் படம் அதே ஆட்களோடு அரை மணி நேரம் நிற்பீர்கள். "முந்தின படம் எப்படி?" என்று தாராளமாகக் கேட்கலாம். நூல் வெளியீட்டு விழாக்களும் சும்மா சொல்லக் கூடாது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் அடிக்கடி நடக்கும். டிக்கெட் கிடையாது. பல கூட்டங்களில் டீயும் பிஸ்கட்டும் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகளுக்குப் போனால் கூட்டம் சின்னதாக இருக்கும். உரை முடிந்து வாசலில் நின்று பேசுகிறவர்களோடு நீங்களும் நின்றால் போதும்.

எங்கே தேடுவது என்றால், இன்ஸ்டாகிராமில் "சென்னை" என்பதோடு நடை, நாடகம், வாசிப்பு, கூத்து என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களின் நிகழ்ச்சிப் பட்டியலையும் மாதம் ஒருமுறை பாருங்கள். மயிலாப்பூர், அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு இலவசமாக வந்து விழும் வட்டாரப் பத்திரிகைகள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

பேர் கொடுத்தபின்

நடைகளுக்குக் கட்டணம் இலவசத்திலிருந்து சில நூறு ரூபாய் வரை இருக்கும். காசு கட்டுகிற நடைக்குப் போவதில் ஒரு லாபம் உண்டு. காலையில் ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது எழுந்து போய்விடுவீர்கள்.

கட்டியதும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். பேர், ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், ஒரு வரி போதும். "வேளச்சேரியிலிருந்து வருகிறேன், வேறு யாராவது அந்தப் பக்கமா?" என்று கேட்டால் நிச்சயம் ஒருவராவது கை தூக்குவார். சேர்ந்து ரயிலில் வரலாம். நடை தொடங்குவதற்கு முன்பே ஒரு ஆளைத் தெரிந்துவிடும். குட் மார்னிங் பூ படம் மட்டும் வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருக்கும் பெண்களின் எண்ணுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். நேரில் பேசி, அவர்களாகக் கொடுத்தால் சரி. குழுவிலிருந்து எடுத்து "ஹாய், இன்னைக்கு நல்லாப் பேசினீங்க" என்று அனுப்பியவர்களைப் பற்றி மற்ற எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர், தொப்பி, சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. கோயில் உள்ள நடை என்றால் நாலு தடவை கழற்ற வேண்டியிருக்கும். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பாதிப் பேச்சைத் தவற விட்டவன் நான். கோயிலுக்கு அரைக்கால் சட்டை வேண்டாம். மயிலாப்பூர் என்றால் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் குளம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, அதற்குத் தகுந்தாற்போலக் கிளம்புங்கள்.

கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஏற்பாட்டாளர் கையில் பட்டியலோடு நிற்பார், சீக்கிரம் வந்த மூன்று நான்கு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களும் தனியாக வந்தவர்கள்தான். தாமதமாக ஓடி வந்தால், ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்ட கூட்டத்தின் வாலில் நடப்பீர்கள்.

என்ன பேசுவது?

"சொந்த ஊர் எது?" இதைவிட நல்ல தொடக்கம் தமிழில் இல்லை. எந்த ஊரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ, அல்வாக் கடையோ, பஸ் கெட்டு நின்ற அனுபவமோ இருக்கும்.

ஆனால் அதே கேள்வி சில சமயம் அடுத்த படிக்கு நகரும். "ஊர்ல எந்தத் தெரு?", "நீங்க எந்த ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தொடுவார்கள். சென்னையில் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இருக்கிறது. என் தோழி ஒருத்தி இதற்கு வைத்திருக்கும் பதில், "நல்லா சாப்பிடுற ஆளுங்க சார்." சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்டவரும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். சிரிக்காமல் மறுபடியும் கேட்கிறவரிடம் நட்புக்கு அவசரப்பட வேண்டாம்.

கூப்பிடும் முறையும் ஒரு குழப்பம்தான். சென்னையில் வயது தெரியாத ஆணைக் கூப்பிட சார் போதும். கொஞ்சம் பழகியபின் அண்ணா. பெண்களை எடுத்த எடுப்பில் அக்கா என்று கூப்பிட்டால் சிலருக்குப் பிடிக்காது. பேரோடு "ங்க" சேர்த்துப் பேசுவது எல்லோருக்கும் பொருந்தும். இடதுசாரி நாடகக் குழுக்களில் தோழர் என்று ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்தும் சபாவில் மாமா, மாமி.

சபா என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. கர்நாடக இசை தெரியாதவர்கள் மார்கழியைக் கண்டு பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. மியூசிக் அகாடமியில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும் மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டும் கூட்டமும் உண்டு. ஆனால் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் நேரத்தில் மெதுவாக, "சார், இது என்ன ராகம்?" என்று கேளுங்கள். இந்த நகரத்தில் இந்தக் கேள்விக்கு முகம் திருப்பிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ராகத்தின் பேரைச் சொல்வார், அந்த ராகத்தில் ஒரு சினிமாப் பாட்டைச் சொல்வார், பிறகு 1970களில் யார் அதை எப்படிப் பாடினார் என்பதற்குப் போவார். பாட்டு ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

எனக்கு அப்படிக் கிடைத்தவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்து போவார்களே, அப்போது நானும் எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மிருதங்கக்காரர் இதுக்காகத்தான் ரெண்டு மணி நேரமா காத்திருக்கார்" என்று சொல்லி, ஆதி தாளத்தை என் விரல்களைப் பிடித்துப் போட்டுக் காட்டினார். நண்பர் என்றால் நம் வயதுக்காரராக இருக்க வேண்டும் என்பது கல்லூரியோடு முடிந்து போன விஷயம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதே சமயம், சபாவில் எல்லோருக்கும் ஒட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உடை, பேச்சு, யாருக்கு யார் வணக்கம் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, நாம் இங்கே விருந்தாளிதான் போலிருக்கிறது என்று நினைத்து வெளியே வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் எண்ணம் தப்பில்லை. அதே டிசம்பரில் பறையும் கானாவும் ஒலிக்கும் "மார்கழியில் மக்களிசை" என்ற விழா நடக்கிறது. அதை நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் தொடங்கியது. அங்கே யாரும் நாற்காலியில் வெகு நேரம் உட்காருவதில்லை. பக்கத்தில் ஆடுகிறவரிடம் அறிமுகம் தனியாகத் தேவைப்படாது. இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். எது உங்கள் இடம் என்று கால் சொல்லிவிடும்.

டீ வரைக்கும் நில்லுங்கள்

நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்டோ புக் செய்யாதீர்கள். முதல் மூன்று நடைகளில் நான் செய்த தப்பு இதுதான். "நன்றி" சொன்ன அடுத்த நிமிடம் கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் சேர்ந்து டிபன் சாப்பிடப் போனது மறுநாள் குழுவில் போட்ட படத்தில்தான் தெரியும்.

கேட்பது எளிது. ஒருவரைத் தனியாகக் கேட்காமல் மூன்று நான்கு பேரைப் பார்த்து, "ஒரு காபி சாப்பிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். ஒருவர் வராவிட்டாலும் யாருக்கும் சங்கடம் இல்லை. மயிலாப்பூர் நடை என்றால் அந்தப் பகுதியிலேயே ராயர் மெஸ்ஸும் ஜன்னல் கடையும் இருக்கின்றன. ஜன்னல் கடை பேருக்கேற்ப ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பார்கள். தெருவில் நின்றபடி இலையிலிருந்து பொங்கலை எடுத்துச் சாப்பிடும்போது யாரும் கெத்தாக இருக்க முடியாது. அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடிக்கும். மார்கழியில் சபா கேண்டீன். பெரும்பாலான இடங்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலே சாப்பிடலாம். வாழைப்பூ வடையைப் பற்றி வரிசையில் நிற்கும் மாமி சொல்லும் அபிப்பிராயத்துக்கு எதிர்ப்பேச்சு பேச வேண்டாம்.

பில்லை அங்கேயே யுபிஐயில் பிரித்துக்கொள்ளுங்கள். "அடுத்த தடவை நான்" என்பது பழகியபிறகு.

ஜாக்கிரதை என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஒரு நடையில் பழகியவர் தொடர்ந்து மூன்று வாரம் போன் செய்தார். அவ்வளவு அன்பு. தி.நகரில் காபிக்குக் கூப்பிட்டார். போனால் இன்னும் இரண்டு பேர், ஒரு லேப்டாப், அதில் ஒரு பிரமிடு படம். "மாசம் கூடுதலா சம்பாதிக்க ஆசை இல்லையா?" என்று ஆரம்பித்தார்கள். காபிக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன். புது நகரத்தில் தனியாக இருப்பவர்களைத்தான் இப்படித் தேடுவார்கள். நேரில் வந்தால் சொல்கிறேன் என்று விஷயத்தைச் சொல்லாமல் கூப்பிட்டால், என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெண்கள் முதல் சில தடவை பகல் நிகழ்ச்சிகளாகத் தேர்ந்தெடுப்பது நிம்மதி. ராத்திரிக் கச்சேரி, நாடகம் என்றால் மெட்ரோ பதினொரு மணி வரை ஓடுகிறது. திரும்பும் வழியில் துணை வரும் ஆளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குழு, மூன்று தடவை

நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்த வாரம் நடை, அடுத்த வாரம் மண்பாண்டப் பட்டறை, அதற்கடுத்த வாரம் வேறு குழுவோடு நாடகம். ஒவ்வொரு இடத்திலும் பேர், ஊர், வேலை என்று முதல் பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிப்பார்கள். ஆறு மாதம் கழித்து "இருநூறு பேரைத் தெரியும், ஒரு நண்பர் இல்லை" என்பார்கள். ஒரு குழுவைப் பிடித்து மூன்று தடவை போங்கள். இரண்டாவது தடவை முகம் தெரியும். மூன்றாவது தடவை "போன மாசம் ஏன் வரலை?" என்று யாராவது கேட்பார்.

அப்புறம் நீங்கள் கூப்பிட வேண்டும். நான்கு பேர் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா நல்ல இடம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1996-இல் திறந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசலாம். இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். காலையில் சீக்கிரம் போய்ப் பத்தரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பாறை சுடும். கையில் காசு குறைவா, எழும்பூர் அருங்காட்சியகமே போதும். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். 1851-இல் தொடங்கிய அந்த இடத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயல வேண்டாம். வெண்கலக் கூடத்துக்கு மட்டும் போய், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் பத்து நிமிடம், திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் பத்து நிமிடம் நின்றால் அன்றைக்குப் பேசப் போதுமான விஷயம் கிடைத்துவிடும். அர்த்தநாரிக்கு ஒரு பக்கம் இரண்டு கை, இன்னொரு பக்கம் ஒரு கை. ஒரு தடவை நாங்கள் போனபோது ஏன் அப்படி என்று எங்களுக்குள் நடந்த விவாதம் சாப்பாடு முடியும் வரை ஓயவில்லை.

கூப்பிடும் செய்தியை எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் ஒருநாள் மீட் பண்ணலாமே" என்று போட்டால் எட்டு கட்டைவிரல் வரும், ஒரு ஆள் வரமாட்டார். நான் போடுவது இப்படி இருக்கும்: "ஞாயிறு காலை 10 மணி. எழும்பூர் மியூசியம், பாந்தியன் சாலை வாசல். வெண்கலக் கூடம் மட்டும். 12 மணிக்குச் சாப்பாடு. நான் எப்படியும் போகிறேன், வருகிறவர்கள் வரலாம்." போன தடவை இரண்டு பேர் வந்தார்கள். ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடப் போனோம்.